கன்னி மூலை

வன்னியபெருமாளின் புது வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று நாள் கொட்டித் தீர்த்த கார்த்திகை மழைக்குப் பிறகு முத்தையாபுரத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வீடுகள் வெகு சில. பால்காய்ப்புக்கு வந்த உறவினர்கள் படியேறும்போதே அதைச் சொல்லி வியந்தார்கள். தரை பளபளத்தது. சுவரில் ஈரத்தின் நிழல்கூட இல்லை. குற்றம் அந்த உலர்ந்த தரையில்தான் இருந்தது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதைக் கண்டுகொள்ள வீட்டுக்காரி சீனித்தாய்க்கே நண்பகல் ஆயிற்று.

அவள் கேட்டுக் கேட்டுக் கட்டிய வீடு அது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் வாழ்ந்தது கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். முன்னால் வன்னியபெருமாளின் மளிகை மொத்தக் கடை, பின்னால் குடித்தனம். கருப்பட்டிச் சிப்பங்களுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். மகன் செந்தில்முருகனை அங்கேதான் வளர்த்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடையின் முதுகு தெரியும். தனக்கென்று ஒரு வீடு, அதில் வெயில் விழும் ஒரு சமையலறை. அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்த ஆசையில் பிழை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மனை வாங்கிய நேரத்தில்தான் முன்பு வந்த பெருவெள்ளம் வடிந்திருந்தது. அந்த வெள்ளத்தில் ஊர் ஒரு பாடம் படித்தது, தவறான பாடம். தூர்ந்த ஓடையைத் தோண்டியவர் எவருமில்லை. வளைத்துப்போட்ட வாய்க்காலை விட்டுக்கொடுத்தவர் எவருமில்லை. ஆளாளுக்கு லாரியில் சரள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டித் தம் தம் மனையை உயர்த்திக்கொண்டார்கள். உயர்ந்த ஒவ்வொரு மனையும் பக்கத்து மனையைப் பள்ளமாக்கியது. பக்கத்து மனைக்காரன் அங்கே இங்கே புரட்டி அதைவிட ஒரு முழம் கூடுதலாக உயர்த்தினான். புரட்ட முடியாதவன் பள்ளத்திலேயே கிடந்தான். இதைத்தான் ஊர் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வன்னியபெருமாளின் மனைக்கு மேற்கே ஒரு சந்து. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அந்தச் சந்தின் மழைநீர் முழுவதும் ஒரு சிறு ஓடையாகி, மனையின் தென்மேற்கு மூலையில் நுழைந்து, தெற்கு ஓரமாக ஓடி, கிழக்கே சாலையோரப் பள்ளத்தில் விழுந்து, உப்பளம் வழியாகக் கடலுக்குப் போகும். யாரும் வெட்டிய ஓடையல்ல. தண்ணீர் தானாகப் போட்டுக்கொண்ட பாதை. வீட்டுக்கு வரைபடம் போட்ட பொறியாளர் பாஷ்யம் அதை மறக்கவில்லை. அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், கட்டடத் தொழிலில் தலை நரைத்தவர். வீட்டின் அடித்தளத்தை உயர்த்தினார். தெற்கு முற்றத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டார். சுற்றுச்சுவரின் தென்மேற்கு மூலையில் தண்ணீர் நுழைய ஒரு மடையும் வைத்தார்.

அந்த மூலைக்குத்தான் கன்னி மூலை என்று பெயர்.

வன்னியபெருமாளுக்கு வீட்டு வேலை தொடங்கியதற்கு முந்தைய ஆண்டில் நெஞ்சுவலி வந்திருந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனவள் சீனித்தாய். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவந்தார். அந்த ஆட்டோப் பயணம் அவளுக்குள் முடியவே இல்லை. ஆகவே நகரத்திலிருந்து வாஸ்துக்காரரை அழைத்துவந்தவள் அவளேதான். வந்தவர் கையில் ஒரு திசைகாட்டியோடு மனையைச் சுற்றினார். மடையைப் பார்த்ததும் நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டினார். கன்னி மூலையில் ஓட்டை விட்ட வீட்டில் தலைவனின் ஆயுள் தங்காது என்றார்.

பாஷ்யம் ஒருமுறை வாதாடிப் பார்த்தார். "அண்ணாச்சி, தண்ணிக்குத் திசை தெரியாது. பள்ளம் ஒண்ணுதான் தெரியும்" என்றார். வன்னியபெருமாள் நெஞ்சைத் தடவிக்கொண்டார். உடனே பாஷ்யம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க சந்தோஷம்தான் எனக்கு முக்கியம்" என்று சொல்லி, மடையை அடைத்துப் புது வரைபடம் போட்டுக் கொடுத்தார். படித்த மனிதர், சந்து மூழ்கும் என்று அறிந்தவர். அறிந்ததை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மடையை அடைத்த நாளில் செங்கல்லுக்கு நடுவே செம்புத் தகடும் நவமணியும் வைக்கச் சொன்னார்கள். வாஸ்துக்காரர் கொண்டுவந்த பொட்டலத்தில் முத்து மட்டும் இல்லை. அது வீட்டுப் பெண்ணின் உடைமையாக இருக்கவேண்டும் என்றார். சீனித்தாயின் தோட்டில் ஒரு பழைய முத்து இருந்தது. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவள் தாய்வழிக் குடும்பத்துக்கு வந்தது. அவள் யோசிக்கவில்லை. தோட்டைக் கழற்றி, முத்தைப் பெயர்த்து, தகட்டின் மேல் தன் கையால் வைத்தாள். கொத்தனார் சாந்து பூசி மூடினார். புருஷனின் உயிரைச் சுவருக்குள் பத்திரப்படுத்திவிட்ட நிம்மதியில் அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

பிறகுதான் இந்த மழை.

இரண்டாம் நாளே சந்துக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பர்னபாஸ் முன்னால் நின்று பேசினான். சந்துக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்பதாகவும், மூலையை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்றும் சொன்னான். வன்னியபெருமாள் அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்; காப்பி கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் அவர்களால் சண்டையாவது போட்டிருக்க முடியும். கார்த்திகையில் மிஞ்சிய கடைசி முகூர்த்தம் நாளை மறுநாள். விட்டால் தைமாதம்வரை காத்திருக்கவேண்டும். பால்காய்ப்பு முடியட்டும், மோட்டார் வைத்து இறைத்துத் தருகிறேன் என்றார். கன்னி மூலையைப் பற்றியும் நெஞ்சுவலியைப் பற்றியும் தணிந்த குரலில் சொன்னார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சீனித்தாயும் தலையாட்டினாள்.

பால்காய்ப்பன்று வானம் வெளுத்திருந்தது. விடியலில் பால் பொங்கியது, குலவை இட்டார்கள். தெற்கு முற்றத்தில் பந்தல். பந்தலுக்குக் கீழே அடுப்புகளும் அண்டாக்களும். உறவுக்காரர்கள் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். சென்னையில் கணினி வேலையில் இருக்கும் செந்தில்முருகன் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்தான். சீனித்தாய் பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டு, வெயில் விழுந்த தன் சமையலறையை நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

அப்போது அந்தோணியம்மாள் வந்தாள். பர்னபாஸின் மனைவி, இறால் கம்பெனியில் தோலுரிக்கிறவள். வீடு கட்டிய நாட்களில் வேலையைப் பார்க்க வரும் சீனித்தாய்க்கு நிழலும் தண்ணீரும் கிடைத்தது அவள் வீட்டு வாசலில்தான். பந்திக்குப் பாத்திரம் கழுவ வரச் சொல்லியிருந்தார்கள். வாசற்படியில் ஏறியவளை வன்னியபெருமாளின் தங்கை கைநீட்டி நிறுத்தினாள்.

"ஏளா, அந்தக் காலோட உள்ள ஏறாத. வெளிக்குழாய்ல கழுவிட்டு வா."

"மூணு நாளாக் கழுவிக்கிட்டுத்தான மைனி நிக்கேன்" என்றாள் அந்தோணியம்மாள். "இன்னும் அழுக்கு இருக்குன்னா அது உங்க கண்ணுல இருக்கு."

சீனித்தாய் குனிந்து பார்த்தாள். அந்தப் பாதங்கள் வெள்ளை வெளேரென்று ஊறிச் சுருங்கியிருந்தன. விரலிடுக்குகளில் சேற்றுப்புண் பிளந்து சிவப்பாகத் தெரிந்தது. நடக்கும்போது அவள் பெருவிரலைத் தூக்கியே வைத்தாள்.

எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டாள் சீனித்தாய். பிள்ளைகள் அடுப்பு மேடையில், அவளும் புருஷனும் மாறிமாறிப் பெஞ்சில், என்று பதில் வந்தது. கக்கூஸ் குழி நிரம்பி வீட்டுக்குள்ளேயே ஏறிவிட்டதாம். பெண்கள் இருட்டும்வரை தண்ணீர் குடிப்பதில்லையாம். இதையெல்லாம் அவள் முறையீடாகச் சொல்லவில்லை. பஸ் தாமதமானதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பாத்திரம் எங்கே என்று கேட்டாள்.

சந்தில் தண்ணீர் நிற்கிறது என்பது சீனித்தாய்க்குத் தெரியாததல்ல. தண்ணீர் என்ற அந்த ஒரு சொல்லை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலமும் மூத்திரமும் கலந்து, பெண்களின் வாயைக் கட்டி, கால்விரலைத் தின்றுகொண்டு நிற்பதுதான் அது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு வசதியானது! சுவர் ஒன்று போதும்.

புண்ணுக்கு மருந்தை எடுத்துவந்த சீனித்தாய், பாத்திரம் கிடக்கட்டும், வீட்டுக்கு நட என்றாள். தானும் கூட வருகிறேன் என்றாள். நாத்தனார் என்னவோ சொன்னாள். அது காதில் விழவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழக்கு வாசல் வழியாக வெளியேறி, மனையைச் சுற்றிக்கொண்டு இருவரும் சந்துக்குள் இறங்கினார்கள். தண்ணீர் முதலில் கணுக்காலைப் பிடித்தது, பிறகு முழங்காலை. நாற்றம் தொண்டையில் ஏறியது.

தன் வீட்டுச் சுற்றுச்சுவரின் மறுபக்கத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். உட்பக்கம் சந்தன நிறச் சாயம். இந்தப் பக்கம் பூச்சுக்கூட இல்லை. செங்கல்லும் பிதுங்கிய சாந்துமாக அப்படியே நின்றது. மற்றவர்கள் பார்க்கப்போகிற பக்கத்துக்கு எதற்கு வீண் செலவு என்று விட்டிருந்தார்கள். அந்தச் சுவரில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மூலையில், அடைத்த மடையின் வளைவு தெளிவாகத் தெரிந்தது. குப்பையும் செருப்பும் எண்ணெய்ப் படலமும் அந்த வளைவின் முன்னால் வந்து குவிந்திருந்தன. போக வேண்டிய வழி அதுதான் என்று அவை அத்தனைக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரை சாத்திவைக்கப்பட்டிருந்தது. சந்துக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அது அங்கேயே சாய்ந்து நின்றதாம். எடுக்க ஒரு கையும் துணியவில்லை.

அந்த நேரத்தில் சுவருக்கு மேலே ஆரவாரம் எழுந்தது. உட்புறம் ஏணி சாத்தி வன்னியபெருமாள் ஏறி நின்றார். முதல் அண்டாச் சோறு சந்துக்குத்தான் என்று அவர் காலையிலேயே அறிவித்திருந்தார். சுவரில் உட்கார்ந்து செந்தில்முருகன் படம் பிடிக்க, அவர் ஒவ்வொரு பொட்டலமாக வாங்கிக் கீழே நீட்டினார். சந்துக்காரர்கள் தண்ணீருக்குள் நின்று கையை உயர்த்தி வாங்கினார்கள். பசி அவர்களை வரிசையில் நிறுத்தியிருந்தது.

சீனித்தாய் அந்த வரிசையில் அகப்பட்டுக்கொண்டாள். யாரோ தள்ளினார்கள், அவள் சுவருக்கு அடியில் வந்து நின்றாள். மேலிருந்து ஒரு கை இறங்கியது. மோதிரம் போட்ட, அவள் நன்கறிந்த கை. அது சூடான ஒரு பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டு அடுத்ததை எடுக்கப் போயிற்று. வன்னியபெருமாள் கீழே பார்க்கவில்லை. அவர் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தன் வீட்டுச் சோறு தன் கையைச் சுட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர், சுவரின் இந்தப் பக்கம் நின்றதால், அவளை யாரென்று அறியவில்லை. கொடுப்பவர்களுக்கு முகம் தேவைப்படுவதில்லை. கை இருந்தால் போதும், நீட்டிய கை.

"இஞ்சேருங்க" என்றாள். "யாருக்குக் குடுத்தீயன்னு பாத்தீயளா?"

வன்னியபெருமாள் குனிந்தார். ஏணி ஆடியது. "ஏளா, நீ அங்கன என்ன செய்த?"

"சோறு வாங்க வந்தேன். அண்ணாச்சி புண்ணியத்துல முதல்ல தண்ணி வந்திச்சாம், பின்னாலயே சோறும் வருதுன்னாவ."

சந்தில் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. செந்தில்முருகன் கைபேசியைத் தாழ்த்தினான். மேலே வரும்படி வன்னியபெருமாள் கெஞ்சலும் அதட்டலுமாகச் சொன்னார். ஆட்கள் சிரிக்கிறார்கள், பந்தி போட நேரமாயிற்று என்றார். அவள் அசையவில்லை. மடையை இடிக்கவேண்டும் என்றாள்.

அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. "அது என் உசுருன்னு உனக்குத் தெரியும்லா."

"தெரியும். வச்சது நான்தான."

அவள் பர்னபாஸைப் பார்த்து இடி என்றாள். அவன் கடப்பாரையைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான், பின்வாங்கினான். "வேண்டாம் மைனி. அண்ணாச்சிக்கு நாளைக்கு ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா, சந்துக்காரப் பயலுவ இடிச்சுத்தான் ஆச்சும்பாவ. எங்க தலையில விடியும்." பின்னால் நின்றவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். ஒருத்தி சிலுவைக்குறிகூட இட்டுக்கொண்டாள்.

அதுவரை புருஷன் மேல் இருந்த கோபம் இப்போது அவர்கள் பக்கம் திரும்பியது. மூன்று நாளாகச் சாக்கடையில் நின்றவர்கள், தங்களை மூழ்கடித்த அந்தக் கல்லுக்கே காவலுக்கு நின்றார்கள்! ஒருவனுடைய பயத்தை ஊர் முழுவதும் தோளில் சுமந்து நின்றது. சுமக்கிறவனுக்கும் அது புனிதமாகத் தெரிந்தது.

"அவரு ஒருத்தருக்குத்தான் ஆயுசா?" என்றாள். "உங்க பிள்ளையளுக்கு ஆகாத மூலைன்னு ஒண்ணுகூடவா கிடையாது? கைய நீட்டிச் சோறு வாங்கத் தெரியுது. அந்தக் கையில கடப்பாரைய எடுத்தா என்ன?"

சீனித்தாய் பொட்டலத்தை அந்தோணியம்மாளிடம் கொடுத்தாள். அவளே போய்க் கடப்பாரையை எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனத்தது. தூக்கிக் குத்தினாள். செங்கல்லில் ஒரு கீறல் விழுந்தது. வலி தோள்வரை ஏறியது. மறுபடி குத்தினாள். சாந்து பொடியாக உதிர்ந்தது.

"ஏளா!" என்று மேலிருந்து வன்னியபெருமாள் குரல் வந்தது. அதில் அதட்டல் போய்விட்டிருந்தது. "நான் செத்துப்போனா நீ சந்தோஷமா இருப்பியா?"

கடப்பாரை நின்றது.

லாரியோரம் சரிந்த உடல், ஆட்டோவில் தன் மடியில் கிடந்த தலை, வெளிறிய உதடு, அத்தனையும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. வாஸ்துக்காரர் சொன்னது பொய் என்று அவளிடம் யாரும் நிரூபித்திருக்கவில்லை. அவள் இன்னும் பாதி நம்பினாள். இந்தச் செங்கல்லுக்குப் பின்னால் உண்மையிலேயே அவர் உயிர் இருந்தால்? பக்கத்தில் அந்தோணியம்மாள் ஒரு காலைத் தூக்கி, மறுகாலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்க மாட்டேன்" என்றாள் சீனித்தாய், மேலே பார்க்காமல். "நீங்க இல்லாம எனக்கு என்ன சந்தோஷம்? இதை இடிச்சாலும் எனக்குச் சந்தோஷம் கிடையாது, இடிக்காட்டியும் கிடையாது. ஆனா இடிச்சா இவுகளுக்குத் தண்ணி வடியும்."

அழுதுகொண்டேதான் குத்தினாள். அந்தோணியம்மாள் பொட்டலத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வந்து கடப்பாரையின் மேல்பாதியைப் பிடித்தாள். இருவர் குத்தில் ஒரு செங்கல் உள்வாங்கியது. அதற்குமேல் பர்னபாஸுக்குப் பொறுக்கவில்லை. "அடியில குத்தாதீய மைனி, தண்ணி உள்ள இழுத்துரும். மேல இருந்து எடுக்கணும், ஒதுங்கி நில்லுங்க" என்று சொல்லிக் கடப்பாரையை வாங்கிக்கொண்டான். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். வரிசை வரிசையாகக் கல் பெயர்ந்தது. தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் மீதியை மனிதர்கள் இடிக்கவேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் அடைபட்டு நின்ற தண்ணீர் அதைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

தெற்கு முற்றம் ஓடையாயிற்று. அடுப்புகள் சீறி அணைந்தன. நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து கிழக்கு வாசலை நோக்கிப் போயின. சாம்பார் அண்டா கவிழவில்லை. அதை நான்குபேர் படிக்குத் தூக்கினார்கள். உறவுக்காரர்கள் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். கால் கழுவச் சொன்ன நாத்தனார் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்படியில் நின்றாள். கீழ்ப்படியைச் சந்தின் தண்ணீர் கழுவிக்கொண்டிருந்தது. செம்புத் தகடு வளைந்து முற்றத்தின் நடுவில் கிடந்தது. அதன் மேலிருந்த மணிகள் எவையும் அகப்படவில்லை. முத்தும் போயிற்று.

வன்னியபெருமாள் ஏணியிலிருந்து இறங்கி, படியில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதுவே அவரை மேலும் கோபப்படுத்தியது போலிருந்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இருதயம் நன்றாக இருப்பதாகவும், உப்பை மட்டும் குறைக்கும்படியும் சொல்லி அனுப்பினார்களாம். அவர் புது வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த பழைய அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் சந்தில் தண்ணீர் வடிந்தது. சேறு மிஞ்சியது. யாரும் சீனித்தாய்க்கு மாலை போடவில்லை. வடிந்த வேகத்தில் தங்கள் கதவின் அடிப்பலகை பெயர்ந்துவிட்டது என்று ஒரு வீட்டில் குறைபட்டார்கள்; அண்ணாச்சிக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று பயந்து சிலர் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். செய்தி கேட்டுப் பாஷ்யம் தொலைபேசியில் அழைத்தார். "நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார்.

"சொன்னீய சார்" என்றாள் அவள். "சொல்லிட்டு, அடைக்கப் படமும் போட்டுக் குடுத்தீயளே. சொல்லாதவன்கிட்ட எனக்குக் கோவம் இல்ல."

செந்தில்முருகன் ஊருக்குக் கிளம்பும் முன் அவளை உட்காரவைத்துப் பேசினான். அவன் அலுவலகத்தில் இதற்கென்றே வகுப்பு எடுத்திருக்கிறார்களாம். அவள் இவ்வளவு காலம் கஷ்டப்பட்டாயிற்று, இனியாவது தன் மகிழ்ச்சியைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும், மற்றவர்களின் பாரத்தை மனதில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்றான். "உங்களுக்குன்னு ஒரு ஹேப்பினஸ் வேண்டாமாம்மா? எதுக்கு ஊருக்கெல்லாம் கில்ட்டியா ஃபீல் பண்றீங்க?"

சீனித்தாய் வெயில் விழுந்த தன் சமையலறையைப் பார்த்தாள். தரையில் ஆட்கள் மிதித்துவந்த சேற்றுக்கறை இன்னும் போகவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு வேணும்னுதாம்ல இந்த வீட்டைக் கேட்டேன். கிடைச்சிட்டு. கிடைச்ச பிறவு பாத்தா, அது அந்தோணியம்மா கால் விரலைத் தின்னுக்கிட்டு இருக்கு. சந்தோஷமா இருக்கதுக்குன்னே யாரும் பொறந்து வரலை. நாலு பேருக்கு உதவுத மாதிரி இருந்துட்டுப் போனாப் போதும். நடுவுல சந்தோஷம் வந்தா வரட்டும், வாசல் தெறந்துதான் கிடக்கு."

செந்தில்முருகன் கைபேசியைத் திறந்தான். எடுத்திருந்த படங்களில் பொட்டலம் கொடுத்த படத்தை மட்டும் அழித்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழிந்து வன்னியபெருமாள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சீனித்தாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் மடைக்குள் போட்டு உட்கார்ந்தாள். வேண்டுமானால் தன்னையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். கொத்தனார் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, டீ குடித்து வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. வன்னியபெருமாள் கத்தினார், பட்டினி கிடந்தார், ஆனால் மாத்திரை டப்பா இந்த வீட்டில் இருந்தது, இட்லியும் இந்த வீட்டில் இருந்தது. கன்னி மூலைக்கு வெகு தூரத்தில் வடகிழக்கு அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு தங்கினார். மனைவியிடம் பேசவேண்டியதைச் சுவரிடம் பேசினார். காலையில் பல் துலக்கும் சாக்கில் முற்றத்துச் சேற்றைக் குச்சியால் கிளறிப் பார்ப்பார். முத்தைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் தேடவில்லை.

மார்கழி நடுவில் மறுபடியும் மழை கொட்டியது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சீனித்தாய் அடுப்படியில் இருந்தாள். சந்தின் தண்ணீர் மடையில் நுழைந்து முற்றத்தில் சலசலத்து ஓடும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் அந்த ஓசை மெலிந்தது, பிறகு நின்றது. என்னவென்று அவள் எழுவதற்குள் மாடியின் தெற்கு ஜன்னலிலிருந்து வன்னியபெருமாளின் குரல் வந்தது.

"ஏளா, சீனி! மூலையில என்னமோ சாக்கு அடைச்சிட்டு நிக்கி. தண்ணி சந்துப் பக்கம் ஏறுது பாரு."

பதினைந்து நாளில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவரே வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பந்தலுக்கு வாங்கிய இரும்புக் கம்பியோடு முற்றத்தில் இறங்கிவிட்டார். மடைக்குள் குனிந்து குத்தினார். மறுபுறத்திலிருந்து பர்னபாஸின் குரல், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அண்ணாச்சி என்றது. அவர் திட்டிக்கொண்டே இடப்பக்கம் குத்தினார்.

"நின்னு பாக்காத. இந்த முனையப் புடி" என்றார்.

அவள் பிடித்தாள். அடைத்திருந்த சாக்கு நழுவியது; தண்ணீர் இருவர் கால்களுக்கும் நடுவில் பாய்ந்தது. கன்னி மூலையில் முழங்கால் நனைய நின்ற வன்னியபெருமாளின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. இரண்டு கையும் கம்பியில் இருந்தன.